இரண்டு கதவுக் கார்



சுன்னாகச் சந்தை எங்கள் குடாநாட்டிலே பெயர் பெற்றது. அங்கே கத்தரிக்காய் வாங்க வருகின்ற மூதாட்டியை நீங்கள் கவனித்திருப்பீர்கள். காயின் மேற்புறத்து மினுக்கத்தை அவர் நம்புவதில்லை. காம்பைப் பார்ப்பார், புரட்டிப் பார்ப்பார், விரலால் அழுத்திப் பார்ப்பார், அதன் பின்னரே விலை கேட்பார். அந்தச் சந்தைக்குக் கூப்பிடு தூரத்திலே பிறந்து வளர்ந்தவன் நான். கலைப் பட்டதாரி, ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபர். ஆயினும், 2021ஆம் ஆண்டிலே நான்கரை இலட்சம் ரூபா கொடுத்து ஒரு பழைய காரை வாங்கியபோது, அதனைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டாகவில்லை. காரைப் புரட்டுவது எவ்வாறு என்று கேட்பீர்கள். நிலத்திலே படுத்து அதன் அடிப்புறத்தைப் பார்ப்பதுதான் புரட்டிப் பார்ப்பது. வெள்ளை வேட்டியோடு போனவன் எப்படி நிலத்திலே படுப்பான்?

வாங்க நேர்ந்த காரணத்தை முதலிற் கூறிவிடுகின்றேன். என் தாயாருக்கு அப்பொழுது எண்பத்திரண்டு வயது. முந்திய ஆண்டிலே கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை ஏறத்தாழ 10 கிலோமீற்றர். மாதம் ஒருமுறை அவரை அங்கே கொண்டுசெல்ல வேண்டும். என்னிடம் இருந்தது மோட்டார்ச் சைக்கிள். முச்சக்கர வண்டியிலே ஏற்றினால், ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் பல்லைக் கடித்துக்கொள்வதை நான் பார்க்க வேண்டியிருந்தது. 2020 மார்ச்சிலே அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டபடியால், பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய சிறு யப்பானியக் கார்களின் விலையும் என்னைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அந்த வேளையிலேதான், அளவெட்டியில் ஒரு வீட்டுப் பின்கொட்டிலிலே எட்டு ஆண்டுகளாக ஒரு கார் நிற்பதாகவும், வீட்டுக்காரர் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் போகவிருப்பதால் மலிவாகத் தருவார் என்றும் கேள்வியுற்றேன். பின் இருக்கையிலே ஒரு கோழி அடைகிடந்தது. அதனை எழுப்பிவிட்டுத்தான் உள்ளே பார்த்தோம்.

அது 1959ஆம் ஆண்டிலே செய்யப்பட்ட மொறிஸ் மைனர்; இரண்டே கதவுகள் உடையது. சரிந்த கூரையும் இரண்டு கதவும் உடைய காரை ஆங்கிலேயர் கூப்பே என்பர். என் காரின் கூரை ஆமையின் முதுகு போலச் சற்று உருண்டிருப்பதால், அந்தப் பெயருக்கு அது முழு உரிமை உடையதன்று. எங்கள் ஒழுங்கையிலே அதற்கு வழங்கிய பெயர் இரண்டு கதவுக் கார் என்பதே.

இந்தக் காரின் பிறப்பைப் பற்றிச் சில வார்த்தை கூறலாம். 1948ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே மைனர் முதன்முதல் வைக்கப்பட்டது. அதனை அமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பின்னாளில் மினி என்னும் சின்னக் காரையும் படைத்தவர் அவரே. மாதிரிக் காரைச் செய்து முடித்தபின்னர், அது ஒடுங்கியிருப்பதாக அவருக்குத் தோன்றியது. அதனை நடுவே நீளவாக்கில் அறுத்து, இரு பாதியையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். முன்மூடியின் நடுவே ஓடுகின்ற தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் தழும்பாகும். தொழிற்சாலை அதிபர் நபீல்ட் பிரபு அதன் உருவத்தைக் கண்டு, உடைத்து வேகவைத்த முட்டை போல இருக்கிறதென்று முகஞ்சுளித்தார் என்பர். அந்த முட்டைதான், பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை முதன்முதல் எட்டியது.

என் காரின் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு உடையது, முப்பத்தேழு குதிரைவலு. திரும்பும்போது மினுக்கும் விளக்குக் கிடையாது. கதவுக்குப் பின்னேயுள்ள தூணிலிருந்து ஒரு சிறிய கை வெளியே நீளும். முதல் நாள் பாடசாலை வாசலிலே அந்தக் கை நீண்டபோது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் தங்கள் கைகளையும் நீட்டினார்கள். அதிபராகிய நான் அன்று கண்டிப்பைக் கைவிட நேர்ந்தது. இலக்கத் தகட்டிலே சிங்கள ஸ்ரீ எழுத்து இருக்கின்றது. 1957ஆம் ஆண்டிலே அந்த எழுத்து வந்தபோது, வடக்கிலே எழுந்த எதிர்ப்பை மூத்த நேயர்கள் அறிவார்கள். பிற்காலத்திலே எங்கள் முதியோரையும் நோயாளரையும் சுமந்து திரிந்தவற்றுள்ளே அந்த எழுத்தைத் தாங்கிய கார்களும் பல என்பது ஒரு விசித்திரம்.

இனி, கத்தரிக்காயைப் புரட்டிய கதைக்கு வருவோம்.

காங்கேசன்துறை வீதியோரத்திலே ஒரு மோட்டார்த் திருத்துநர் இருக்கின்றார். எழுபது வயதைக் கடந்தவர். இளமையிலே ஒஸ்ரின், மொறிஸ் கார்களிலே தொழில் பழகியவர். காரை அவருடைய குழியின்மேல் நிறுத்தினோம். குழியிலே இறங்கி, ஒரு திருப்புளியை எடுத்து, அடித்தகட்டிலே குத்தினார். திருப்புளி பாணுக்குள்ளே போவதுபோலப் போயிற்று. அவர் மேலே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, “சேர், மேலை கார், கீழை கறள்” என்றார்.

மைனரிலே சட்டகம் வேறு, உடல் வேறு அல்ல. அடித்தளமும் பக்கமும் கூரையும் ஒன்றாக ஒட்டப்பட்டு, அந்த ஒட்டுத்தானே பாரத்தைத் தாங்குகின்றது. ஆகையால், அடியிலே துரு ஏறுவது அழகுக் குறையன்று, முதுகெலும்பு உளுத்துப்போவதாகும். முன்சில்லுகளைத் தாங்கும் திருகு மூட்டுகள் வேறு இருக்கின்றன. அவற்றுக்குத் தவறாமல் கிறீஸ் கொடுக்க வேண்டும். கொடாவிட்டால் மரை தேய்ந்து, என்றோ ஒரு நாள் முன்சில்லு மடிந்து காருக்கு அடியிலே படுத்துக்கொள்ளும். கொட்டிலில் நின்ற எட்டு ஆண்டும் அவற்றுக்கு யார் கிறீஸ் கொடுத்தார்? கோழியா?

முதலாண்டிலே அடித்தகடு ஒட்டவும், நான்கு சில்லுக்கும் பிறேக் திருத்தவும், வயர்கள் மாற்றவும், பற்றறி வாங்கவும், 14 அங்குலச் சில்லுக்குப் பொருந்தும் ஒடுங்கிய ரயர்களைத் தேடிப் பிடிக்கவும் மூன்று இலட்சத்துக்கு மேலே சென்றது. மலிவாக வாங்கியதன் மீதி விலையைத் தவணை முறையிலே கட்டினேன் என்று சொல்வதே பொருந்தும். என் மனைவியார் ஒரு பாடசாலை அப்பியாசப் புத்தகத்திலே இந்தக் கணக்கை எழுதி வருகின்றார். மேலுறையிலே அவர் இட்ட தலைப்பு, ‘மலிவு’.

2022ஆம் ஆண்டு வந்தது. பெற்றோல் நிலையங்களின் முன்னே வரிசைகள் நாள் கணக்கிலே நின்றன. அவ்வாண்டு தொடக்கத்திலே லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல், ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. பாடசாலைகளை மூட நேர்ந்தது. ஜூலையிலே கியூஆர் அட்டை முறை வந்தபோது, பதிவு செய்வதற்குக் காரின் அடிச்சட்ட இலக்கம் வேண்டும் என்றார்கள். எஞ்சின் அறைச் சுவரிலேயிருந்த தகட்டின்மேல் யாரோ மூன்று முறை வர்ணம் பூசியிருந்தார்கள். சவர அலகினாலே சுரண்டிச் சுரண்டி, ஒரு பழங்கல்வெட்டை வாசிப்பவன் போல அந்த இலக்கத்தை வாசித்தேன். கலைப் பட்டம் ஒருவாறு உதவிற்று.

வரிசையிலே நின்ற அந்த நாட்களிலே பலரும் என் காரைத் தட்டிப் பார்த்து, “இது மண்ணெண்ணெயிலை ஓடின சாதியல்லோ” என்று மகிழ்ந்தார்கள். இளையோருக்காக அந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடை காரணமாகக் குடாநாட்டிலே பெற்றோல் அருமருந்தாயிற்று. போத்தல் கணக்கிலே, நம்பவொண்ணாத விலைக்கு விற்கப்பட்டது. மின்சாரமும் போயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னிலே வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. இன்று இந்தப் பேச்சைக் கேட்கின்ற சிலர் அன்று அந்தப் பெடலைச் சுற்றியவர்களாக இருக்கலாம்.

அப்பொழுதுதான் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் கொட்டில்களிலிருந்து வெளியே வந்தன. எஞ்சினுக்கு அருகே ஒரு சிறு போத்தலிலே சிறிது பெற்றோல் இருக்கும். அதனைக் கொண்டு எஞ்சினை முடுக்கிச் சூடேற்றுவார்கள். சூடேறியபின் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய் விடுவார்கள். குளிர்ந்த எஞ்சினிலே மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகையாலே இந்த ஏற்பாடு. நிறுத்துவதற்குச் சற்று முன்பு மீண்டும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். மறந்தால் அடுத்த முறை எஞ்சின் எழும்பாது. பழைய எஞ்சின்களிலே அமுக்கம் குறைவு என்பதால், மண்ணெண்ணெயின் தட்டலை அவை ஓரளவு பொறுத்தன. அதற்கு மேலும் அமுக்கத்தைக் குறைப்பதற்குத் தலைமூடியின் கீழே தடித்த தகடு வைப்பார்கள். வீதியெல்லாம் வெண்புகையும் குத்துவிளக்கு அணைந்த வாசனையும்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது, எங்கள் ஒழுங்கையிலே நின்ற ஓர் ஒஸ்ரின் காரிலே என் அம்மம்மாவை ஏற்றினோம். நடக்க முடிந்த நாங்கள் பின்னே நடந்தோம். மழை பெய்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி மனிதர்கள் அடி அடியாக நகர்ந்த அந்த நெரிசலிலே, எஞ்சினை நிறுத்தினால் மறுபடி எழுப்பப் பெற்றோல் இல்லை என்று, சாரதி விடியும் வரை அதனை நிறுத்தாமலே வைத்திருந்தார். அம்மம்மா உயிரோடு சாவகச்சேரியைச் சேர்ந்தார்.

ஆகவே, பழைய கார் ஒன்று எங்கள் ஊரவனுக்கு வெறும் இரும்பன்று. உண்மையைச் சொன்னால், அளவெட்டிக் கொட்டிலிலே நான் வாங்கியது மைனரையன்று; அந்த ஒஸ்ரினையே வாங்கினேன். இதைத் திருத்துநரிடம் ஒரு நாள் சொன்னேன். மண்ணெண்ணெய்க் காலத்திலே எத்தனையோ எஞ்சின்களுக்குத் தகடு வைத்த கை அவருடையது. அவர் சிரிக்கவில்லை.

“அண்டைக்கு அதுகள் ஓடினது கார் திறமெண்டதாலை இல்லை, சேர். வேறை ஒண்டும் இல்லாததாலை. மண்ணெண்ணெய் ஒயிலிலை கலந்து எத்தினை எஞ்சின் செத்தது எண்டு எனக்குத்தான் தெரியும்.”

இந்தச் சொல் என்னை நெடுநாள் உறுத்தியது. வேறு வழியின்றிச் செய்த ஒன்றைப் பிற்காலத்திலே பெருமையாக்கிக்கொள்வது எங்களிடத்திலே ஒரு வழக்கமாகிவிட்டது. கோடை விடுமுறையிலே கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகின்றவர்கள், என் காரின் அருகே நின்று படம் எடுக்கின்றார்கள். கண் கலங்குகின்றவர்களும் உண்டு. அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால், எண்பது வயதைத் தாண்டிய ஒரு நோயாளியை எந்த வாகனத்திலே ஏற்றுவது என்ற கேள்விக்கு அந்தக் கண்ணீர் விடை சொல்லாது.

அந்தக் கேள்வி 2024ஆம் ஆண்டு தை மாதத்து இரவொன்றிலே முகத்துக்கு நேரே வந்து நின்றது. அம்மாவுக்கு மூச்சு முட்டியது. காரிலே ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மருதனார்மடம், இணுவில் கடந்து தாவடியை அணுகும்போது எஞ்சின் இருமுறை விக்கி நின்றுவிட்டது. திறப்பைத் திருப்பினேன், சுற்றியது, பற்றவில்லை. கைகள் நடுங்கின. திருத்துநருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“திறப்பைப் போட்டுட்டுக் கேளுங்கோ சேர். டிக் டிக் எண்டு கேக்குதோ?”

“இல்லை அண்ணை.”

“மூடியைத் திறவுங்கோ. சுவரிலை உருண்டையா பெற்றோல் பம் இருக்கும். ஸ்பனராலை மெல்லத் தட்டுங்கோ.”

தட்டினேன். இருட்டிலே டிக், டிக், டிக் என்றது. அம்மா பின்னர் வைத்தியசாலையிலே நான்கு நாள் இருந்து நலமாக வீடு திரும்பினார். ஆனால் தாவடியிலே நின்ற அந்த எட்டு நிமிடம் இருக்கின்றதே! அந்த எட்டு நிமிடமும் என் மனைவியார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தபின் சொன்னார்: “இஞ்சாருங்கோ, உங்களுக்கு வேணுமெண்டால் வைச்சிருங்கோ. மாமியை இனி இதிலை ஏத்த வேண்டாம்.”

2025 பெப்ரவரியிலே வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. ரொறன்ரோவிலுள்ள மகன், வரிகளோடு சேர்த்து விலை எவ்வளவானாலும் ஒரு பங்கை அனுப்புகிறேன், சின்ன யப்பான் கார் ஒன்றைப் பாருங்கள் என்றான். அதே மாதத்திலே, பழைய கார்களைச் சேர்க்கின்ற கொழும்புக் கனவான் ஒருவர், மைனருக்கு ஒன்பது இலட்சம் தருவதாகச் சொல்லி ஆளனுப்பினார். ‘மலிவு’ப் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தோம். ஒன்பது இலட்சத்துக்கு விற்றால் நட்டமில்லை. நான் இன்னும் சில ஆண்டுகளிலே ஓய்வு பெறுபவன். விற்பதற்கு இதனினும் நல்ல வேளை வராது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே எண்ணினேன்.

முதலிலே, நண்பர் ஒருவருடைய சிறு யப்பானியக் காரை இரவல் வாங்கி, வைத்தியசாலைக்கு அம்மாவைக் கொண்டுசென்றேன். குளிர்காற்று, சத்தமில்லாத ஓட்டம், எல்லாம் நன்று. ஆனால், ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் நாங்கள் பட்ட பாடு பெரும்பாடு. நான்கு கதவு உள்ள சிறு காரிலே முன்கதவு ஒடுக்கமாகத்தான் இருக்கும். வளையாத இடுப்போடு அவர் காலை மடித்து உள்ளே இழுக்க வேண்டும். முடியவில்லை, அழுதுவிட்டார். இரண்டு கதவுக் காரிலோ, பின்னால் ஏறுகின்றவருக்கும் அதே கதவு வழிவிட வேண்டும் என்பதால், கதவு நீளமானது. அம்மா முதுகைக் காட்டி நின்று, வீட்டு நாற்காலியிலே அமர்வதுபோல இருக்கையிலே அமர்வார். அதன்பின் நாங்கள் கால்களை மெல்ல உள்ளே திருப்புவோம். வாங்கியபோது பெருங்குறை என்று எண்ணிய ஒன்று, அவருக்கு ஏறும் வழியாக இருந்திருக்கின்றது. நான்கு ஆண்டும் கண்முன்னே நடந்ததை நான் கவனிக்கவில்லை.

இதனை மனைவியாரிடம் சொன்னேன். அவர் நியாயம் கேட்பவர். “அப்ப, நடுவழியிலை நிக்காதெண்டு ஆர் பொறுப்பு?” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாரத்தோடு போய், குழியிலே நானே இறங்கினேன். திருத்துநர் மேலேயிருந்து சொல்லச் சொல்ல, ஒவ்வோர் அங்குலமாகத் திருப்புளியாற் குத்தினேன். குறுக்குச் சட்டம் உறுதி. இடப்பக்க ஓரம் ஓரிடத்திலே பொரிந்தது. அங்கே சோக்கட்டியாலே வட்டம் போட்டேன். முன்சில்லு மூட்டு இரண்டிலும் மரை பாதி தேய்ந்திருந்தது. அவற்றைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. மூன்றாண்டு அவற்றின்மேல் அம்மாவை ஏற்றியிருக்கிறேன். இரண்டும் புதிதாகப் போடப்பட்டன. பெற்றோல் பம்பின் தொடுமுனைகள் மாற்றப்பட்டன. பிறேக் குழாய்கள் எல்லாம் புதியவை. இருக்கைப் பட்டி இல்லாத காருக்கு, தூணிலே தகடு ஒட்டிப் பட்டி பொருத்தினோம். 2002ஆம் ஆண்டோடு இந்நாட்டிலே ஈயம் கலந்த பெற்றோல் நின்றுவிட்டதால், அந்தக் காலத்து வால்வு இருக்கைகள் விரைவிலே தேயும் என்றும், தலைமூடியைக் கழற்றும்போது கடினமான இருக்கைகள் போட வேண்டும் என்றும் அவர் சொன்னார். அது அடுத்த ஆண்டுச் செலவு.

அன்று குழியடியிலே இன்னொருவனும் நின்றான். என் பாடசாலையிலே படித்து, சாதாரண தரப் பரீட்சையிலே கணிதத்திலே தவறியவன். ஆறு மாதமாக அங்கே தொழில் பழகுகிறான். தொடுமுனைகளின் இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு என்று அளந்து வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தான். பின்னங்கள் அவனுக்கு வராது என்று அவனுடைய அறிக்கையிலே கையொப்பமிட்டவன் நான். திருத்துநரின் பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டிலே. அவருக்குப் பின் இந்தக் காரை அறிந்தவர் யார் என்ற கேள்வியே, விற்றுவிடு என்று எனக்குச் சொன்ன காரணங்களுள் மிகப் பெரியது. அந்தப் பையன் அங்கே நிலைப்பானா, அவனும் விமானம் ஏறுவானா என்று எனக்குத் தெரியாது.

கொழும்புக் கனவானுக்கு இல்லை என்று சொல்லியனுப்பினேன். மகனிடம், பணத்தை இப்பொழுது அனுப்ப வேண்டாம், வைத்திரு என்றேன். மனைவியார் இரண்டு நிபந்தனை விதித்தார், இரண்டையும் ஏற்றேன். அவசர வேளையிலும் இரவிலும் வாடகை வாகனம். மாதாந்தக் கிளினிக்குக்கு மாத்திரம் மைனர். அம்மாவுக்கு அது தேவைப்படாத நாள் வந்தபின், மீண்டும் கூடிப் பேசுவது.

ஒரு சங்கடம் தீரவில்லை. மைனர் எஞ்சின்கள் ஒயில் ஒழுக்குபவை. 2014, 2015ஆம் ஆண்டுகளிலே சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தியால் நாங்கள் பட்ட கவலையை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் மண்ணின் கீழே சுண்ணாம்புக் கல். மேலே சிந்துவது கீழே இறங்கும். ஆகையால் காரின் அடியிலே ஒரு பழைய தாச்சியை வைத்திருக்கின்றேன். காலையிலே எழுந்தவுடன் எத்தனை துளி விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பேன். நேற்று ஒன்பது. வெள்ளிக்கிழமை கிளினிக்; அதற்கு முன்னர் அந்த அடைப்பு வளையத்தை மாற்றித் தருவதாகப் பையன் சொல்லியிருக்கிறான்.